வாசப்படி இல்லாத பதினாறு அடி

என் மகன் கட்டியிருக்கும் இந்த வீட்டில், கூடத்தின் மேற்குப் பக்கம் சுவர் கிடையாது. ஆறு கண்ணாடிக் கதவுகள்தான். ஒவ்வொன்றும் நாலரை அடி. தள்ளினால் ஆறும் ஒரே மூலையில் போய் ஒன்றின் பின் ஒன்றாக ஒளிந்துகொள்கின்றன. உள்ளே பதித்திருக்கும் அதே சாம்பல்நிறக் கல் வெளியேயும் பதினோரு வரிசை போய்ப் புல்தரையில் முடிகிறது. நடுவில் படி இல்லை. மேடு இல்லை. இங்கேதான் வீடு முடிகிறது என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை.

"ஒரே லெவல் அங்கிள். அகமும் புறமும் ஒண்ணு" என்றான் இன்ஜினீயர் பையன். அவன் பக்கத்துச் சித்தூர்க்காரன், பாதி மலையாளம் பேசுவான். "அப்படியானால் மழை?" என்று கேட்டேன். சிரித்தான். போன ஐப்பசியில் மழை எது வரை வந்தது என்பதை அளந்து வைத்திருக்கிறேன். கேட்க ஆளில்லை. மகனும் மருமகளும் பெங்களூரில். போன வருஷம் முழுக்க இந்த வீட்டில் இருபத்து மூன்று நாள் இருந்தார்கள். மிச்ச நாளெல்லாம் உள்ளே வருகிறவை வேறு. நேற்று மட்டும் தவளை இரண்டு, மரவட்டை ஏழு, வேப்பஞ்சருகு எண்ணி முடியவில்லை. சாயங்காலம் ஆறு கதவையும் சாத்தப் பதினாறு நிமிஷம் ஆகிறது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் நகர முடிவதில்லை.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: இந்த நல்லேப்பிள்ளிப் பக்கம் இப்படி வீடு இதுதான் முதல் என்று. நான் தலையாட்டிவிடுகிறேன். ஆனால் முதல் இல்லை. இதே நிலத்தில், இந்தப் புல்தரை இருக்கும் இடத்தில், அறுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இன்னொரு வீடு இருந்தது. அதற்கும் மேற்கே சுவர் இல்லை. எழுபதைத் தாண்டிய என் கூட்டாளிகளே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். இளசுகளிடம் சொன்னால் எத்தனை சதுர அடி என்று கேட்பார்கள். நீங்களாவது, அதில் யார் இருந்தார்கள் என்று கேட்பீர்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீடு ஓட்டு வீடு, நாலு அறை, கிழக்கே தலைவாசல். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நெல்லடிக்கும் களம். களத்தை ஆண்டது அம்மா. கதிர்க்கட்டு எங்கே இறங்க வேண்டும், வைக்கோல் எங்கே போக வேண்டும், எந்த மாட்டை எந்த ஜோடியில் பூட்ட வேண்டும், எல்லாம் அவள் சொல்வதுதான். ஒரு மாசி மாசம் வைக்கோல் போரின் உச்சியில் நின்று கட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவள், கால் சறுக்கிக் கீழே விழுந்தாள். பதினோரு அடி. அப்பா பிறகு கயிறு போட்டு அளந்தார். எதற்காக அளந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நாலு மாசம். திரும்பி வந்தபோது இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி இல்லை. வயது முப்பத்தொன்று. உள் அறையில் இரும்புக் கட்டிலில் கிடத்தினார்கள். அந்த அறைக்கு ஒரு சன்னல், அதுவும் தானியக் குதிருக்குப் பின்னால். இரண்டு மாசம் அப்படிக் கிடந்தாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் நான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தபோது, கூரையைப் பார்த்துக்கொண்டே, "முப்பத்தெட்டு" என்றாள். என்னவென்று கேட்டேன். "கைமரம்" என்றாள். அன்றைக்கு அவள் பேசிய வார்த்தைகள் அந்த இரண்டுதான்.

அப்பா அதைக் கதவோரம் நின்று கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் கொத்தனார் வந்தார்.

"ஏனுங் பண்ணாடி, மேக்காலச் செவுத்த எடுத்துப்போட்டா ஓடு எதும்மேல நிக்குமுங்?"

"பனங்கை குடுத்து நிறுத்து."

"கதவு?"

"எட்டு. ரண்ரண்டு அடி. எட்டும் மடங்கோணும். தொறந்தா பதினாறு அடியும் வெட்டவெளி."

"சரீங். வாசப்படி மரத்துல வெக்கறதா, கல்லுலயா?"

"வாசப்படி வேண்டாம்."

கொத்தனார் மட்டக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "வாசப்படி இல்லாத கதவாங்?"

"கட்டிலு போகோணும்" என்றார் அப்பா. "சக்கரத்துக்கு வாசப்படி தாண்டத் தெரியுமா?"

அவ்வளவுதான் அப்பா. வேறு யாருக்கும் எதையும் விளக்கவில்லை. விளக்கியிருக்க வேண்டிய ஒருவருக்கும் விளக்கவில்லை.

வேலந்தாவளத்தில் ஒரு பட்டறையில் இரும்புச் சக்கரம் நாலு செய்து, ரப்பர் சுற்றி, கட்டில் காலில் பொருத்தினார்கள். கூடத்துக்குக் காவித் தரை போட்டார்கள். அதே காவி களத்துக்குள்ளும் இருபத்தோரு அடி போயிற்று. அதற்கு மேல் சாணி மெழுகிய மண், அதுவும் ஒரே மட்டம். ஊரில் பேசிக்கொண்டார்கள், அவருக்குப் பங்களா ஆசை பிடித்துவிட்டது என்று.

கார்த்திகை எட்டாம் தேதி காலையில் எட்டுக் கதவையும் மடக்கிவிட்டு அப்பா கட்டிலைத் தள்ளினார். சக்கரம் கீச்சென்றுகூடச் சொல்லவில்லை. அம்மா கூடத்தில் இருந்தாள், பிறகு களத்தில் இருந்தாள். எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை, உற்றுத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் அவள் முகத்தில் விழுந்ததும் கண்ணைச் சுருக்கினாள். மாடு கட்டும் கட்டுத்தரையைப் பார்த்து, "அந்தச் செவலைக்கு யாரு இவ்வளவு நீளமாக் கயிறு உட்டது?" என்றாள். அப்பா உடனே ஓடிப் போய்க் கயிற்றைச் சுருக்கினார்.

பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளில் எங்கள் வீட்டுக்கு உள்ளும் வெளியும் இல்லாமல் போயிற்று. காவித் தரையில் தேங்காயெண்ணெய் வாசனையும் கட்டுத்தரை வாசனையும் கலந்து கிடந்தன. கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டைக்கோழி நாலு முட்டை வைத்தது. கன்றுக்குட்டி நேராகக் கூடத்துக்குள் நடந்து வந்து அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து மிரண்டது. அம்மா சிரித்தாள், இருமல் வரும்வரை.

எங்கள் வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அக்காவை அம்மா துணைக்கு வைத்துக்கொண்டாள். வயலில் வேலை செய்கிறவர்கள் கூடத்துக்குள் காலெடுத்து வைப்பது எங்கள் ஆட்களின் வீடுகளில் அப்போது கிடையாது. அது நியாயம் என்று சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் அந்த அக்கா, பழைய சுவர் இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"ஏம்புள்ள, அங்கயே நட்டு வெச்ச மாதிரி நிக்கற?" என்றாள் அம்மா.

"இல்லீங் அம்மிணி... உள்ளார..."

"உள்ள எது, வெளிய எது? செவுரு எங்க இருக்குதுன்னு காட்டு பாக்கலாம்."

அக்கா தரையைப் பார்த்தாள். காட்ட ஒன்றுமில்லை. வந்துவிட்டாள். அதிலிருந்து கட்டிலைத் தள்ளுவது அவள்தான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஊரில் யார் யாரோடு பேசவில்லை என்பதுதான் பெரும்பாலும்.

இருபதாம் நாள் மாமா வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான், கிழக்கே இருபது மைலில் தோட்டம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கதவு நிற்கும் சட்டத்துக்கு நிலவு என்று பேர். அதன் அடிப்பகுதிதான் வாசப்படி. புது வீட்டுக்கு அதை நிறுத்துகிற நாளில் மனைவியின் பிறந்த வீட்டிலிருந்து சீர் வர வேண்டும். அது அண்ணன்மாருக்குச் செலவு இல்லை, உரிமை. அப்பா வாசப்படியே வைக்கவில்லை, ஆகவே நாளும் பார்க்கவில்லை, ஆகவே மாமாவைக் கூப்பிடவும் இல்லை. சுவரை எடுத்துவிட்டதாக ஒரு கார்டு மட்டும் போட்டார். ஏன் எடுத்தார் என்று அதில் எழுதவில்லை. ஒரு சின்னக் கொல்லைக் கதவுக்காவது நிலவு வைத்து மாமாவைக் கூப்பிட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். இது எனக்குத் தோன்ற அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

அன்று வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தேதியில் சந்தேகம் இல்லை: கார்த்திகை இருபத்தேழு. அப்பா ஒரு ஜோடி மாட்டோடு வேலந்தாவளம் சந்தைக்குப் போயிருந்தார். இரண்டு வண்டி வந்து நின்றது. ஒன்றில் மாமாவும் உறவுக்காரர்களும், தட்டு ஏழு, வாழைத்தார் இரண்டு. இன்னொன்றில் வைக்கோல் போட்டு அதன் மேல் கருங்கல் இரண்டு, ஒவ்வொன்றும் எட்டடி நீளம், கூடவே கல்வேலைக்காரர்கள் மூன்று பேர்.

"ஏம்மிணி" என்றார் மாமா, வேட்டியை உதறிக்கொண்டே. "மாமனூட்டுச் சீரு இல்லாம எவனாச்சும் ஊட்டுக்கு நிலவு வெப்பானா? மாப்ள மறந்துட்டாரு, போச்சாது போ. நான் மறப்பனா? மார்கழி பொறந்துட்டா ஆகாது. அதான் இன்னைக்கே கெளம்பி வந்துட்டேன்."

அம்மா அப்போது கூடத்துக்குள் இருந்தாள். பெரியம்மா முறையுள்ள ஒருத்தி காலையில் வந்து துடைத்து உடை மாற்றிவிட்டுப் போகிற நேரம் அது. அதற்குப் பிறகுதான் வெளியே தள்ளுவார்கள். ஆகவே மாமா அவளைக் களத்தில் பார்க்கவில்லை. கட்டிலில் சக்கரம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் என்றால் சக்கரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"இத்தாப்பெரிய வாசல், ஒரு படி இல்லாம மொட்டையாக் கெடக்குது" என்றார். "ஊட்டு லட்சுமி எங்க ஒக்காருவா? நாளைக்கு நெல்லடிக்க வர்றவன் பூரா நேராக் கூடத்துக்குள்ள நடப்பான். ஒரு தடை வேண்டாமா?"

கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். அவள் கை கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தது.

"கல்லு ரெம்பக் கனமா இருக்குமாட்டத் தெரியுதுங்ணா" என்றாள். அவள் சொன்ன மறுப்பு அவ்வளவுதான்.

"கனமாத்தான் இருக்கோணும். என்ற தங்கச்சி ஊடு ஆடப்படாது" என்றார் மாமா. முகம் பூரா சிரிப்பு.

கதவுகளை ஒட்டி வெளியே காவித் தரையை உளி போட்டு வெட்டி, குழி எடுத்து, நவதானியம் போட்டு, இரண்டு கல்லையும் இறக்கினார்கள். மஞ்சள் பூசினார்கள். குங்குமப் பொட்டு பதினாறு. வேலை மூன்று மணிக்கு முடிந்தது. தரைக்கு மேலே கல் நின்ற உயரம் நாலேகால் அங்குலம். மாமா போன பிறகு என் மர ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். களத்துப் பக்கமாக வந்தவர் படிக்கு வெளியே நின்றார். குனிந்து கல்லைத் தடவினார்.

"நல்ல கல்லு" என்றார்.

"அண்ணன் கொண்டாந்ததுங்க" என்றாள் அம்மா.

பிறந்த வீட்டுச் சீரை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வைத்த வாசப்படியை எடுக்கக்கூடாது. இரண்டும் இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த நாள் அப்பா இரண்டு பலகையைப் படியின் இரண்டு பக்கமும் சாய்த்து வைத்துத் தள்ளிப் பார்த்தார். முன் சக்கரம் ஏறியது. கட்டில் தலைப்பக்கமாகச் சரிந்தது. காலால் ஊன்றிக்கொள்ள முடியாதவள் அப்படியே வழுக்கி இறங்கினாள். அம்மா போட்ட சத்தத்தில் கட்டுத்தரை மாடுகள் எழுந்து நின்றன. போதாததற்குப் பெரியம்மா வேறு வந்து, "மஞ்சப் பூசுன படிமேல சக்கரத்த ஏத்துவாங்களா? மனுசன் காலே படக்கூடாது" என்றாள்.

"நாலு பேரக் கூப்புட்டாத் தூக்கி வெச்சுடலாம். ஒரு நிமிசம்" என்றார் அப்பா.

"நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு நான் இன்னும் சாகலீங்க" என்றாள் அம்மா.

கட்டிலோடு நாலு பேர் தூக்கி வாசப்படி தாண்டுவது எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்பா பலகையைக் கொண்டு போய்க் கட்டுத்தரையில் சாத்திவிட்டார்.

அக்காவும் உள்ளே வருவதை நிறுத்திவிட்டாள். படிக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசுவாள். அம்மா எத்தனை முறை கூப்பிட்டாலும், "இருக்கட்டுங் அம்மிணி, காத்து இங்க நல்லா வருதுங்" என்பாள். பிறகு மார்கழிக் காற்று பிடித்தது. எங்கள் பக்கத்து மார்கழிக் காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் இருக்கும் இடைவெளி வழியாகக் கிழக்கே இருந்து புறப்பட்டால் பகல் முழுக்க நிற்காது. கரும்பனை ஓலைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தத்தில் படி தாண்டிப் பேச்சு கேட்காது. அக்கா வருவது குறைந்தது. களத்துத் தூசிக்குப் பயந்து எட்டுக் கதவில் இரண்டைத்தான் திறந்து வைப்போம். படுத்திருப்பவளுக்கு அதன் வழியே தெரிவது மூன்று பனை, களத்தில் ஒரு துண்டு, மிச்சம் வானம். அம்மா பகலில் தூங்கும்போது நான் அவள் தலையணைக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் பார்த்திருக்கிறேன். நாலாவது பனை தெரியாது.

அப்படித்தான் நான் எண்ண ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வைத்துவிட்டுக் கட்டிலோரம் போய் நிற்பேன். "போயிட்டு வா சாமி" என்பாள். கட்டுத்தரைக்குப் போவேன், கிணற்றடிக்குப் போவேன், வரப்பில் கடைசி வரை போவேன். திரும்பி வந்து சொல்வேன்.

"வெள்ளை மாடு மூணு பிடித் தீவனந்தான் மிச்சம் வெச்சிருக்குதுங். செவலைக் கன்னு நாலு தடவை குடிச்சுது. பனையில தூக்கணாங்கூடு பதினாலு."

"நேத்துப் பதினேழுன்னியே?"

"மூணு காத்துல உழுந்துருச்சுங்."

"குஞ்சு இருந்துதா?"

அது எனக்குத் தெரியாது. மறுபடி ஓடுவேன். கீழே விழுந்த கூட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு வருவேன். "இல்லீங்" என்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நான் சொல்லச் சொல்ல அவள் விரல் போர்வையின் மேல் நகரும், இங்கே கிணறு, இங்கே வரப்பு என்பதுபோல.

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அடுத்த வீடு அரை மைல். அப்பா என்னிடம் பேசுவதெல்லாம் செருப்பை எடு, லாந்தர் துடை என்பதுதான். என்னைப் பார்த்ததும் என் பக்கம் முகம் திருப்பி, சொல்லு என்று கேட்டது அந்த வீட்டில் ஒருத்திதான். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்: அந்த மார்கழி எனக்கு நன்றாக இருந்தது.

தை இரண்டு, மாட்டுப் பொங்கல். மாமா சீர் கொண்டு வருவார் என்பது தெரிந்ததுதான். காலையில் அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: "அண்ணங்கிட்ட ஒண்ணும் சொல்லப்படாதுங்க. ஆசையாக் கொண்டாந்து வெச்சவரு. மனசு ஒடைஞ்சு போயிரும்." என்னைப் பார்த்தும் விரலை உதட்டில் வைத்தாள்.

மாமா பதினொரு மணிக்கு வந்தார். வண்டியிலிருந்து கரும்பும் பூசணிக்காயும் இறங்கின. படியில் புதுப் பொட்டு வைத்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கால் தரையில் படவில்லை. "பாத்தியா மாப்ள, இப்பத்தான் ஊடு ஊடாட்ட இருக்குது" என்றார் அப்பாவிடம். அப்பா, "ஆமாங் மச்சான்" என்றார். இலை போட்டாயிற்று. பொங்கல் ஆறட்டும் என்று மாமா கட்டிலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என்னை இழுத்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தினார்.

"மருமவன் கணக்குல பெரிய ஆளாமா? எங்க சொல்லு. இந்த ஊட்ல எத்தனை கதவு?"

"மேக்க எட்டு, மத்தது ஆறுங் மாமா."

"மேக்கால கீலு?"

"இருவத்து நாலுங்."

"அட! பனை?"

"எல்லைக்குள்ள முப்பத்தொண்ணு. எல்லைக்கு வெளிய ஏழுங்."

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

"செரி, இது சொல்லு பாக்கலாம். மாமன் வெச்ச படிக்கு எத்தனை பொட்டு?"

"பதினாறுங்."

"உங்கம்மா வெள்ளிக்கு வெள்ளி அவ கையால வெக்கறாளா?"

"இல்லீங், பெரியம்மா வெக்கறாங்க. அம்மா கட்டிலத்தான் தள்ள முடியாதே. வெளிய வந்தே முப்பத்து நாலு நாளாச்சுங் மாமா. கார்த்திகையில மூணு, மார்கழி இருவத்தொம்போது, தை ரெண்டு."

அம்மாவுக்காகச் சொன்னேன் என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. கூட்டல் சரியாக வந்த பெருமை. அவ்வளவுதான்.

மாமா முழங்கால்களை விலக்கினார். நான் விடுபட்டு நின்றேன்.

"படிக்கு முந்தி?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, அப்பாவிடம். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே சொன்னேன். "தெனமும் வெளிய போவாங். பத்தொம்போது நாளுங்."

மாமா எழுந்தார். கட்டிலின் கால் பக்கம் குனிந்து சக்கரத்தின் மேல் கையை வைத்தார். பிறகு நடந்து போய்ப் படியின் மேல் கையை வைத்தார், விரல்களை அடுக்கி. மறுபடி சக்கரத்துக்கு வந்தார். நான் ஸ்கேல் வைத்து அளந்ததை அவர் விரலால் அளந்தார்.

"ஏம்மிணி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கொண்டாந்ததுங்ணா" என்றாள் அம்மா.

மாமா துண்டை இடுப்பில் கட்டினார். கட்டுத்தரையில் கடப்பாரை எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எடுத்து வந்தபோதுதான் அப்பா பதறி எழுந்தார்.

"மச்சான், வேண்டாமுங்க. வெச்ச வாசப்படிய எடுக்கப்படாது. ஊட்டுக்கு ஆகாது."

"வெச்சவன் நானு. நாந்தான் எடுக்கோணும். தள்ளுங் மாப்ள."

"நோம்பி நாளும் அதுவுமா..."

"தள்ளுங்."

நாற்பத்தைந்து வயதை நெருங்கிய மனிதர். ஆள் யாரையும் கூப்பிடவில்லை, அப்பாவைத் தொட விடவில்லை. முதல் கல் கிளம்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மஞ்சளும் குங்குமமும் அவர் வேர்வையில் கரைந்து வேட்டியெல்லாம் ஒழுகின. இரண்டாவது கல் பாதியில் வெடித்தது. மூன்று துண்டையும் உருட்டி, பொங்கல் சீர் வந்த அதே வண்டியில் வண்டிக்காரனோடு சேர்ந்து ஏற்றினார். காவித் தரையில் குழி பதினாறு அடிக்கும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதில் மண்ணை வாரிப் போட்டுக் காலால் மிதித்து மட்டமாக்கினார். அப்புறம் வந்து கட்டிலைப் பிடித்தார். அவரே தள்ளினார். குழியின் மேல் சக்கரம் ஒருமுறை அமுங்கி எழுந்தது. அம்மா களத்துக்கு வந்தாள்.

காற்று அவள் முடியைக் கலைத்தது. அவள் களத்தைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறுண்டுட்டுப் போங்ணா. எலை போட்டிருக்குது."

"இன்னொரு நாளைக்கு ஆகட்டும் அம்மிணி."

"ஏனுங்ணா..."

மாமா வண்டியில் ஏறிவிட்டார். கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். வண்டி பனைகளைத் தாண்டி, வாய்க்கால் மதகைத் தாண்டி, ரோட்டில் திரும்புகிறவரை அவர் முதுகு தெரிந்தது.

கொடுத்த சீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவன் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிப்பதில்லை. அதுவும் வழக்கம். மாமா பிறகு வரவில்லை. வருஷா வருஷம் பொங்கல் சீர் வரும், வேறு யார் கையிலாவது. கோபம் என்று அம்மா நினைத்தாள். அண்ணன் சீரைக் காக்கத் தெரியாதவள் என்று தன்னை வெறுத்துவிட்டார் என்று நினைத்தாள். அப்பாவும் அப்படியே நினைத்தார். சமாதானம் பேசப் போனவர்களிடம் மாமா ஒன்றும் சொல்லவில்லையாம். பதின்மூன்று வருஷம் கழித்து அவர் போய்ச் சேர்ந்தார். அதற்கும் ரொம்ப நாள் கழித்து, ஒரு கல்யாணப் பந்தியில் மாமாவின் மகன் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது கேட்டேன். "அப்பனுக்குக் கோபமெல்லாம் இல்லீங் மாப்ள" என்றார் அவர். "ஊட்டுல ஒரே ஒரு தடவை சொன்னாரு. தங்கச்சிய முப்பத்து நாலு நாளு அடைச்சு வெச்சிருந்தேன், எந்த மொகத்த வெச்சுக்கிட்டு அவ முன்னால போயி நிக்கறது அப்படீன்னாரு." அம்மா அப்போது உயிரோடு இல்லை. என் இலையில் பாயசம் ஊற்றிவிட்டுப் போனார்கள். அவர் சொன்னது நான் சொன்ன எண்ணிக்கை. ஒரு நாள்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்தத் தை மாசக் கடைசியில் எங்கள் களத்தில் நெல்லடித்தார்கள். குழியை அப்பா சிமெண்ட் போட்டுப் பூசியிருந்தார். காவி நிறம் சரியாகச் சேரவில்லை. எட்டுக் கதவும் மடங்கியிருந்தன. அம்மாவின் கட்டில் களத்து ஓரத்தில், சுவர் மறைவில். அக்கா தயங்காமல் உள்ளே போய்த் தண்ணீர்ச் செம்பு எடுத்து வந்தாள். வைக்கோல் தூசி பறந்தது. கதிரை மிதிக்கும் பிணையல் மாடுகள் சுற்றிச் சுற்றி வந்தன. அம்மா ஆட்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள், பழைய குரலில். நடுநடுவே பேச்சை நிறுத்தி, ரோட்டுப் பக்கம் பார்ப்பாள். ஏதாவது வண்டி வந்தால் அது போகிறவரை பார்ப்பாள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் வந்தேன். பையைக்கூடக் கழற்றவில்லை. கிணற்றடி, கட்டுத்தரை, வரப்புக் கடைசி வரை ஓடினேன். பொங்கலுக்குப் பிறகு அவள் என்னைப் போகச் சொல்லியிருக்கவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்க வந்து கட்டிலோரம் நின்றேன்.

"அம்மா, கட்டு அறுவத்தெட்டு எறங்கியிருக்குது. இன்னும் வயல்ல இருவத்தொண்ணு. தூக்கணாங்கூடு பன்னெண்டு."

அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைத் தேடி எடுத்து, ஒருமுறை அழுத்திவிட்டு விட்டாள்.

"தெரியுது சாமி. நாந்தான் பாத்துட்டே இருக்கறனே."